மூன்றாவது சிலிண்டரில் வந்த சத்தம்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். இதில் பெருமை ஒன்றும் இல்லை. முதலிலேயே சொல்லிவைத்தால் பின்னால் வருவது புரிய வசதியாக இருக்கும் என்பதால் சொல்கிறேன். கோபத்தோடு இன்னொரு வியாதியும் எனக்கு இருந்தது. எஞ்சின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவேன் என்ற கர்வம். பல தடவை சரியாகச் சொல்லியும் இருக்கிறேன், அதனால் கர்வம் வளர்ந்துகொண்டே போனது.

எழுபதுகளின் நடுவில் மூணாறில் தகரக் கூரை போட்ட ஒரு சின்னப் பட்டறை வைத்திருந்தேன். சொந்த ஊர் பெருமாட்டி. அப்பாவும் அண்ணன்களும் நெல்லையும் தென்னையையும் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு மண் வேலையில் மனம் ஒட்டவில்லை. பொள்ளாச்சியில் ஒரு பட்டறையில் சேர்ந்து வேலை கற்றுக்கொண்டு மலை ஏறிவிட்டேன். அந்தப் பட்டறையில் என்னோடு ஒரே வாரத்தில் சேர்ந்தவன் ஒருவன் இருந்தான். ஒரே தட்டில் சாப்பிட்டோம், ஒரே பாயில் தூங்கினோம், ஒரே மேஸ்திரியிடம் திட்டு வாங்கினோம். சொந்தம் ஒன்றும் கிடையாது, ஆனாலும் ஒருவரையொருவர் மாப்ளே என்றுதான் கூப்பிடுவோம். நான் மூணாறு வந்தேன். அவன் பொள்ளாச்சியிலேயே இரும்பு கடைகிற ஒரு பழைய லேத்தைப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

அவனுக்குக் கையில் ஒரு பொறுமை இருந்தது. எனக்கு அது மருந்துக்கும் கிடையாது. மூன்று வருடம் பாடுபட்டு, பழைய இரும்புக் கடைகளில் பொறுக்கிய சாமான்களை வைத்து, கேம் ஷாஃப்ட் கிரைண்டிங் செய்கிற ஒரு மிசினை அவனே செய்துவிட்டான். கேம் ஷாஃப்ட் என்பது எஞ்சினுக்குள் சுழலும் ஒரு தண்டு. அதன் மேல் முட்டை வடிவத்தில் மேடுகள் இருக்கும். மேடு சுற்றி வந்து, டேப்பெட் என்கிற சின்ன இரும்புக் குமிழை மேலே தள்ளும். டேப்பெட் ஒரு கம்பியைத் தள்ள, கம்பி வால்வைத் திறக்கும். மேட்டின் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றி அரைத்தால் வால்வு கூடுதலாகத் திறக்கும், கூடுதல் நேரம் திறந்திருக்கும், வண்டிக்கு இழுவை கூடும். மலை ஏறுகிற பெட்ரோல் ஜீப்புகளுக்கென்றே ஒரு வடிவம் அவன் கண்டுபிடித்து வைத்திருந்தான். அந்த மிசின்தான் அவனுக்குச் சோறு, அதை விட அதுதான் அவனுக்குப் பேர்.

மூணாறிலிருந்து அவனுக்குப் போகிற வேலை எல்லாம் என் மூலமாகத்தான் போகும். எஞ்சினை இறக்கி, தண்டை உருவி, சாக்கில் சுற்றி உடுமலை பஸ்ஸில் போட்டுவிடுவேன். அரைத்துப் புது டேப்பெட்டுகளோடு திருப்பி அனுப்புவான். நான் பூட்டிக் கொடுப்பேன். அவன் முகத்தை மலைக்காரர்கள் யாரும் பார்த்ததில்லை. என் வாய்தான் அவனுக்கு ஜாமீன்.

வட்டவடையில் பூண்டு போடுகிற ஒருவர் ஒரு பழைய ஜீப் வைத்திருந்தார். பூண்டும் உருளைக்கிழங்கும் ஏற்றி, மூட்டைகளுக்கு மேல் ஆட்களையும் ஏற்றி மூணாறு வருவார். கிராமம் பள்ளத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேலே ஏறி வருவதற்குள் ஜீப்புக்கு மூச்சு வாங்கிவிடும். ஒரு கொண்டை ஊசி வளைவில் ஆட்களை எல்லாம் இறக்கி நடக்கவிட்டுத்தான் வண்டியை ஏற்றுவார். நடக்கிற பெண்கள் சும்மா நடப்பார்களா? "நாங்க நடந்து வாறதுக்கு ஒனக்கு எதுக்குப்பா ஜீப்பு?" என்று கேட்டுச் சிரிப்பார்களாம். அந்தச் சிரிப்பு அவருக்கு உள்ளே போய்க் குத்தியிருக்கிறது.

"அண்ணே, என்ன செஞ்சாச்சும் இந்த வளவுல நான் ஆள எறக்கக் கூடாது" என்றார் என்னிடம்.

"எறக்க மாட்டீங்க. நானாச்சுங்க" என்றேன். பொள்ளாச்சிக்கு எழுதினேன். கேம் வந்தது. பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. எண்ணெய் பூசிப் பூட்டி, எஞ்சினை ஜீப்பில் ஏற்றி முடித்தபோது ஒரு வெள்ளிக்கிழமை காலை.

எஞ்சின் வேலை முடிந்த வண்டியைப் பூஜை போடாமல் வெளியே எடுக்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், கற்பூரம், ஒரு தேங்காய். இதில் எல்லாரும் ஒத்துக்கொண்ட இரண்டு விதிகள் உண்டு. நல்ல நேரத்தில் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஸ்டார்ட் செய்த எஞ்சினை, வண்டி முதல் ஓட்டம் கிளம்பும்வரை அணைக்கக் கூடாது, அணைத்தால் சகுனம் சரியில்லை. அன்று பத்தரை மணிக்கு ராகு காலம் பிறக்கிறது. பூண்டுக்காரர் பத்தே காலுக்குத்தான் தேங்காயோடு வந்து சேர்ந்தார். அவசரமாகப் பத்து இருபதுக்கு ஸ்டார்ட் செய்தோம். கற்பூரம் காட்டி முடிப்பதற்குள் பத்தரை தாண்டிவிட்டது. ராகு காலத்தில் வண்டியை எடுக்க முடியாது, எஞ்சினை அணைக்கவும் முடியாது. பன்னிரண்டு மணிவரை அது நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

ஓடுவது என்றால் எப்படி? என் கைத்திறமையைக் காட்டும் ஆசையில், பெட்ரோல் திருகைத் திருகி எவ்வளவு மெதுவாக ஓடுமோ அவ்வளவு மெதுவாக ஓடவிட்டேன். பிறகு ஒரு ரூபாய் நாணயத்தை எஞ்சின் மூடியின் மேல் செங்குத்தாக நிறுத்திக் காட்டினேன். விழவில்லை. பஜாரில் போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். டீக்கடைக்காரர் கடையை விட்டுவிட்டு வந்து பார்த்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பன்னிரண்டு அடித்ததும் எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு ஜீப் கிளம்பியது. மறுநாள் பூண்டுக்காரர் மூட்டையும் ஆட்களுமாக வந்து இறங்கி, வளைவில் யாரையும் இறக்கவில்லை என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பதினோராவது நாள் பாலத்துப் பக்கம் ஜீப் திரும்பும்போதே எனக்குக் கேட்டுவிட்டது. தகர டப்பாவைப் பென்சிலால் தட்டுகிற மாதிரி, விடாமல் ஒரே தாளத்தில் டக், டக், டக். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். எஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு தட்டு. அந்தக் கணக்கு கேம் பக்கத்துக் கணக்கு. பிஸ்டன் பக்கம் என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் தட்டும்.

"என்னண்ணே இது, புதுசா பேசுது?" என்றார் பூண்டுக்காரர்.

"இடைவெளி கூடிருக்குமுங்க. புதுக் கேம் பாருங்க, உக்காரும்போது அப்படித்தான்" என்றேன். வால்வுக்கும் அதைத் தள்ளுகிற இரும்புக் கைக்கும் நடுவே ஒரு தகடு நுழைகிற அளவு இடைவெளி இருக்க வேண்டும். மூன்றாவது சிலிண்டரில் அது கூடிப்போயிருந்தது. சரிசெய்தேன். சத்தம் நின்றது. மூன்றாம் நாள் திரும்பவும் வந்து நின்றார், அதே சத்தத்தோடு.

அப்புறம் நான் செய்யாத வைத்தியம் இல்லை. எண்ணெய் போகிற துவாரங்களில் கம்பி விட்டுக் குத்தி ஊதினேன். தள்ளுகம்பியை எடுத்துக் கண்ணாடித் துண்டின் மேல் உருட்டி வளைவு இருக்கிறதா என்று பார்த்தேன், நேராகத்தான் இருந்தது. முதல் சிலிண்டர் ஸ்பிரிங்கை மூன்றுக்கும் மூன்றாவதை ஒன்றுக்கும் மாற்றினேன். சத்தம் ஸ்பிரிங்கோடு போகவில்லை, மூன்றிலேயே உட்கார்ந்திருந்தது. நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். மேலே கேட்டதை விடக் கீழே, தண்டு இருக்கிற பக்கம் சத்தம் கனமாக இருந்தது. ஒவ்வொரு தடவை இடைவெளியைச் சரிசெய்தாலும் இரண்டு நாளில் மறுபடி கூடியது. அப்படியென்றால் உள்ளே ஏதோ தேய்ந்துகொண்டே போகிறது.

இதற்குள் ஜீப்பின் இழுவையும் போய்விட்டது. முன்பாவது ஒரு வளைவில்தான் ஆட்களை இறக்கினார். இப்போது மூன்று வளைவில்.

"முன்ன இருந்தது மாதிரியாச்சும் ஆக்கிக் குடுங்கண்ணே. சனங்க சிரிக்குது. வீட்டுலயும் சிரிக்குறாக" என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு நானும் போட்டிருப்பேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

எஞ்சினைக் கையால் சுற்றி, நாலு தள்ளுகம்பிகளும் எவ்வளவு உயர்கின்றன என்று அளவுகோல் வைத்துப் பார்த்தேன். மூன்றும் ஒரே உயரம் ஏறின. மூன்றாவது சிலிண்டருடையது மட்டும் நகத்தின் கனம் அளவுக்குக் குறைவாக ஏறியது. அடியில் இருக்கிற திருகைத் திறந்து எண்ணெயை உள்ளங்கையில் பிடித்தேன். வெயிலில் வெள்ளிப் பொடி தூவினது போல மினுங்கியது. இரும்புத் தூள். எஞ்சினை இறக்கித் தண்டை உருவினேன். மூன்றாவது மேட்டின் உச்சி மழுங்கியிருந்தது. அதன் மேல் உட்காருகிற டேப்பெட்டின் முகம் கரண்டி மாதிரிக் குழிந்திருந்தது.

கோபம் உச்சிக்கு ஏறியது. இரும்பு இவ்வளவு சீக்கிரம் தேயுமா? டெம்பர் சரியில்லை, மேல்தோல் கெட்டியாக இருக்க வேண்டிய இடத்தில் அரைத்து அரைத்து அந்தத் தோலையே உரித்துவிட்டான் என்று முடிவு கட்டினேன். ஒரு நாள் கழித்து யோசித்திருக்கலாம். ஒரு மணி நேரம்கூட யோசிக்கவில்லை. அந்தக் கேமைச் சாக்கில் சுற்றி, கூடவே ஒரு கடிதம் வைத்தேன். 'மாப்ளே, நீ அனுப்பியது இரும்பா, களிமண்ணா? உன்னை நம்பி நான் இங்கே தலைகுனிந்து நிற்கிறேன்' என்று ஆரம்பித்து, கை வலிக்கிறவரை எழுதினேன்.

அதோடு விட்டேனா? பஜார் டீக்கடையில் ஜீப் டிரைவர்கள் கூடுகிற நேரம் பார்த்துப் போய், பொள்ளாச்சிக் கேம் எப்படித் தேய்ந்தது என்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னேன். என் பேர் கெடக் கூடாதே என்ற பயம்தான். பட்டறைக்காரன் தப்பு இல்லை, அரைத்தவன் தப்பு என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும். தெரிந்தது, நாற்பது பேருக்குத் தெரிந்தது. ஒரு வாரத்தில் அது டிரைவர்கள் வாயில் கிண்டலாகவே ஆகிவிட்டது. டீ தண்ணீராக இருந்தால், "என்னய்யா, பொள்ளாச்சிக் கேம் போட்ட டீயா?" என்பார்கள். எவனாவது கல்யாணம் ஆகி இரண்டு மாதத்தில் இளைத்துப் போனால் அவனும் பொள்ளாச்சிக் கேம்தான். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

அவன் சண்டைக்கு வரவில்லை. இன்னொரு கேம் அரைத்து, புது டேப்பெட்டுகளோடு அனுப்பியிருந்தான். உள்ளே நாலு வரி: 'உன் காது தப்பாது மாப்ளே. தப்பு என்னுதாகத்தான் இருக்கும். ரொம்ப ஜாக்கிரதையாகப் பார்த்து இதை அரைத்திருக்கிறேன். அந்த ஜீப்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.' நான் ஜீப்காரரிடம் எதுவும் சொல்லவில்லை.

இரண்டாவது கேமைப் பூட்டி முடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கிராமத்தில் பறித்துப் போட்ட பூண்டு நனைந்துவிடுமே என்று பூண்டுக்காரர் துடித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலைல நல்ல நேரத்துல பூசை போட்டு எடுத்துக்கலாமுங்க" என்றேன்.

"கும்பிட்டதெல்லாம் போதும்ணே. தேங்கா ஒடச்சு என்னத்தக் கண்டோம்?" என்றவர், ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து, எஞ்சின் உறுமின உறுமலிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு மலைப் பாதையில் போய்விட்டார். எனக்கு உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது, செவ்வாய்க்கிழமை வேறு. ஆனால் அந்த எஞ்சின் ஒரு மாதம் ஆகியும் இரண்டு மாதம் ஆகியும் ஒரு சத்தம் போடவில்லை. வளைவில் ஆள் இறங்கவில்லை.

நான் என்ன சொல்லிக்கொண்டு திரிந்தேன் தெரியுமா? "பாத்தீங்களா? நாலு வார்த்தை நறுக்குன்னு எழுதுனப்பறம்தான் ஒழுங்கா அரைச்சிருக்கறான்." அதாவது, அவன் நன்றாகச் செய்ததையும் அவன் குற்றத்துக்குச் சாட்சியாக ஆக்கிவிட்டேன். டிரைவர்கள் அதற்குப் பிறகு பொள்ளாச்சி என்றாலே வேண்டாம் என்றார்கள். தேனிக்கும் கோயம்புத்தூருக்கும் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன்.

ஆனி மாதம், சாரல் பிடித்திருந்த நேரம். ஒரு எஸ்டேட் ஸ்டோர் ஜீப்புக்கு அதே வேலை வந்தது. கோயம்புத்தூரில் ஒரு பெரிய கம்பெனியில் அரைத்து வந்த கேம். எஸ்டேட் வண்டி என்பதால் பூஜை தடபுடலாக நடந்தது. கிளார்க் வந்தார், ஸ்டோர்காரர் வந்தார், சர்க்கரைப் பொங்கல்கூட வந்தது. அதிகாரி ஒருவர் வந்து பார்க்க வேண்டும் என்று ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தோம். அவ்வளவு நேரமும் எஞ்சின் மெதுவாக முனகிக்கொண்டிருந்தது. நாணயமும் நின்றுகொண்டிருந்தது.

இரண்டு வாரத்தில் அந்த ஜீப்பின் டிரைவர் வந்துவிட்டான். அவன் பாலம் தாண்டும் முன்பே எனக்குக் கேட்டுவிட்டது. டக், டக், டக். இந்தத் தடவை இரண்டாவது சிலிண்டர். பிரித்துப் பார்த்தேன். அதே மழுங்கல், அதே குழிந்த டேப்பெட்.

அந்த டிரைவர் பக்கத்தில் நின்று புலம்பினான்: "என்னண்ணே அநியாயம் இது? வட்டவடைப் பூண்டு ஜீப்புக்குப் பூசையே போடல, அது ஜம்முனு ஓடுது. எங்க வண்டிக்குப் பொங்கல் வச்சுப் பூசை போட்டோம், இந்தக் கதி. சாமிக்கே கண்ணு இல்லண்ணே."

அவன் சாமியைத் திட்டத்தான் சொன்னான். எனக்குக் கையில் இருந்த டேப்பெட் கனத்தது. கவிழ்த்துப் போட்டிருந்த டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

பொள்ளாச்சிக்காரன் அரைத்ததும் தேய்ந்தது, கோயம்புத்தூர்க் கம்பெனி அரைத்ததும் தேய்ந்தது. பொள்ளாச்சிக்காரன் அரைத்த இன்னொன்று தேயவில்லை. அரைத்தவனுக்கும் தேய்மானத்துக்கும் சம்பந்தம் இல்லை. தேய்ந்த இரண்டும் மெதுவாக ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்ற இடத்திலேயே ஓடியவை. தேயாதது ஸ்டார்ட் ஆன நிமிஷமே உறுமிக்கொண்டு மலை ஏறியது. கேமுக்கு எண்ணெய் குழாயில் வருவதில்லை. கீழே சுழல்கிற பெரிய தண்டு வேகமாகச் சுற்றும்போது வாரி இறைக்கிற எண்ணெய்தான் அதன் மேல் விழ வேண்டும். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் எண்ணெய் அவ்வளவு உயரம் தெறிக்காது. பழகிய கேம் என்றால் தாங்கிக்கொள்ளும். புதுக் கேமும் புது டேப்பெட்டும் இன்னும் ஒன்றோடொன்று பழகவில்லை, முதல் அரை மணி நேரத்தில் காய்ந்து உரசினால் அங்கேயே தோல் கிழிந்துவிடும். மற்றதெல்லாம் பதினோரு நாளில் தானாக நடக்கும். நாணயத்தை நிறுத்திக் காட்டிக்கொண்டிருந்தபோதே நான் அந்த எஞ்சினைக் கொன்றுகொண்டிருந்தேன்.

உறுதி செய்துகொள்ள, எஸ்டேட் ஜீப்புக்கு வேறு கேம் போட்டு, ஸ்டார்ட் செய்த உடனே வேகத்தைக் கூட்டி இருபது நிமிஷம் ஓடவிட்டேன். பிறகு பூஜைக்கு எஞ்சினை அணைக்கச் சொன்னேன். எல்லாரும் முகம் சுளித்தார்கள். அந்த ஜீப் சத்தமே போடவில்லை. ஆடி மாதம் வந்த இன்னொரு வண்டிக்கும் அப்படியே செய்தேன், அதுவும் போடவில்லை. சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் போய்விட்டது.

இப்போது நான் செய்ய வேண்டியது ஒன்றுதான் இருந்தது, அதற்கு ஒரு தபால் கார்டு போதும். செய்யவில்லை.

ஏன் செய்யவில்லை என்று இன்றுவரை எனக்கு நானே பல சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மழைக்காலம், வேலை அதிகம். கார்டில் எழுதுகிற விஷயமா இது, நேரில் போய்ச் சொல்ல வேண்டும். ஊருக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம். எல்லாம் பொய். எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். மூணாறில் என் காதுக்கு ஒரு மரியாதை இருந்தது, அதை இழக்கப் பயந்தேன். பூஜையின்போது எஞ்சினை ஏன் அணைக்க வேண்டும் என்று டிரைவர்கள் கேட்டபோது, கற்பூர நெருப்பும் பெட்ரோல் ஆவியும் பக்கத்தில் இருந்தால் ஆபத்து என்று ஒரு கதை கட்டினேன். நம்பினார்கள். "அண்ணன் எம்புட்டு கவனமாப் பாக்குறாக" என்று பாராட்டினார்கள். டீக்கடையில் யாராவது 'பொள்ளாச்சிக் கேம்' என்று கிண்டல் செய்தால் முன்பு போலவே சிரித்தேன். சிரிக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்களே. ஆனால் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். அவனிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. வந்திருந்தால் பிரிக்கவே பயந்திருப்பேன்.

தைப் பொங்கலுக்குப் பெருமாட்டி போனேன். வீட்டில் இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் காலை பஸ் பிடித்துப் பொள்ளாச்சியில் இறங்கினேன். அவன் பட்டறைச் சந்து வரை போய்விட்டுத் திரும்பி, ஒரு டீ குடித்துவிட்டு, மறுபடி போனேன்.

என்னைப் பார்த்ததும் லேத்தை நிறுத்திவிட்டு ஓடி வந்தான். "அட, வாடா மாப்ளே! எப்ப வந்தே? மலை எறங்க இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று தோளைப் பிடித்து உலுக்கினான். எண்ணெய்க் கை என் பொங்கல் சட்டையில் பதிந்தது. பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. அங்கே பார்த்துக் காப்பி போடச் சொல்லிக் கத்தினான்.

நான் மூலையைப் பார்த்தேன். மிசின் இருந்த இடத்தில் நாலு போல்ட்டுகள் மட்டும் தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் பம்பு செட்டுக்குக் கடைந்த புஷ் வளையங்கள் குவிந்து கிடந்தன.

"மிசின் எங்க?"

"குடுத்துப்போட்டேன் மாப்ளே. பழைய இரும்புக்குத்தான். வேற ஆரு வாங்குவா அதை?" என்றான். குரலில் வருத்தம் காட்டாமல் இருக்கப் பார்த்தான். "நீ எழுதுனதுக்கப்பறம் எனக்கே என் கை மேல நம்பிக்கை போயிருச்சு. நீ திருப்பி அனுப்புன கேமு இருக்குதில்ல, அதைத் துண்டு துண்டா அறுத்துப் பாத்தேன். அரம் வெச்சு ராவுனா வழுக்குது. டெம்பரு நல்லாத்தான் இருக்குது. சேரி, எனக்குத்தான் பாக்கத் தெரியலையாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன். நீ காதுல கேட்டுச் சொன்னா அது தப்பாவா இருக்கும்?"

அறுத்த துண்டுகளை எடுத்துக் காட்டினான். ஒவ்வொன்றிலும் அரத்தால் ராவிப் பார்த்த கோடுகள், பத்துப் பதினைந்து இடங்களில். அவன் கண்ணே அவனுக்குச் சரி என்று சொல்லியிருக்கிறது. என் கடிதத்தை நம்பி அதைத் தள்ளிவிட்டான்.

சொல்லிவிட்டேன். ராகு காலம், மெதுவாக ஓடிய எஞ்சின், நாணயம், எஸ்டேட் ஜீப், கோயம்புத்தூர்க் கேம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவன் வாயைத் திறந்தபடி கேட்டான். முடித்ததும் நான் எதிர்பாராதது நடந்தது. அவன் சிரித்தான். முகமெல்லாம் சிரிப்பு. தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிக்கொண்டான்.

"ஏ அம்மிணி, இங்க வா! கேட்டியா? என் கை தப்பில்லையாமா! மெதுவா ஓட்டுனதுதான் தப்பாமா!" என்று மனைவியைக் கூப்பிட்டான். காப்பி டம்ளரோடு வந்த அந்த அம்மாளிடம், நான் சொன்னதை முதலிலிருந்து மறுபடி சொன்னான். என் மேல் கோபமே இல்லை. "பாவம், இவனும் என்ன பண்ணுவான், பூசை போடாம விடுவாங்களா?" என்று எனக்காக அவனே பேசினான். எனக்கு நெஞ்சு லேசானது. ஏழு மாதமாக எதற்காக இப்படிச் செத்துக்கொண்டிருந்தோம் என்றுகூடத் தோன்றியது.

"இது எப்பத் தெரிஞ்சுது மாப்ளே உனக்கு?" என்று கேட்டான், சிரிப்பு மாறாமலே. அதில் சூது ஒன்றும் இல்லை, கதை கேட்கிற ஆர்வம்தான்.

பொய் சொல்லியிருக்கலாம். போன வாரம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பான். இத்தனை பொய்க்குப் பிறகு, அந்த இடத்தில் மட்டும் எனக்குப் பொய் வரவில்லை.

"ஆனி மாசம்" என்றேன்.

மனைவிதான் முதலில் தலையைத் திருப்பி, போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருந்த மூலையைப் பார்த்தாள். அவன் துணியை எடுத்து விரல் விரலாகத் துடைக்க ஆரம்பித்தான்.

"மிசினை நான் ஐப்பசிலதான் குடுத்தேன்" என்றான்.

வண்டி வைத்துத் தூக்கிப் போன அன்று மழை பெய்ததாகவும், சாக்கு போட்டு மூடி அனுப்பியதாகவும் சொன்னான். என்னைக் குற்றம் சொல்கிற குரலே இல்லை. பிறகு எழுந்து போய் லேத்தைப் போட்டான். அந்தச் சத்தத்தில் நான் என்ன சொன்னாலும் அவனுக்குக் கேட்டிருக்காது. அவன் மனைவி டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்து, "குடிச்சுட்டுப் போங்க, ஆறிப்போவுது" என்றாள். குடித்தேன். வெளியே வந்து மூணாறு பஸ் எத்தனை மணிக்கு என்று யாரையோ விசாரித்தேன்.